நாலாம் குழி

ஊசியக்கா என்ற பெயரைக் கேட்டு அவளைத் தையல்காரி என்று நினைத்தவர்கள் உண்டு, நர்ஸ் என்று நினைத்துக் கையை நீட்டியவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. அவள் ஜிக் செய்கிறவள். ஜிக் என்றால் என்னவென்று அவளுடைய வீட்டுக்காரருக்கே இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லத் தெரியாது. யாராவது கேட்டால், "ஏதோ பெட்டி பண்றா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். நான் சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் வீட்டு ரேடியோவைத் திறந்தாலும் வாஷிங் மெஷினைத் திறந்தாலும் உள்ளே பச்சையாக ஒரு போர்டு இருக்கும். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தொழிற்சாலையிலேயே பார்த்துவிட வேண்டும். அதற்கான பெட்டிதான் ஜிக். போர்டு கச்சிதமாக உட்கார ஒரு குழி இருக்கும். குழிக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த ஊசிகள், குண்டூசி கனத்தில், நூற்றுக்கணக்கில் நிற்கும். போர்டை வைத்துக் கைப்பிடியை இழுத்து அழுத்தினால், அந்த ஊசிகள் போர்டின் வயிற்றில் தொட வேண்டிய இடத்தையெல்லாம் தொட்டுப் பார்க்கும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு, கோளாறு என்றால் சிவப்பு.

அந்த ஊசிகளைத் தட்டில் இறக்கி, ஒவ்வொன்றின் வாலிலும் கம்பி சுற்றுவது அவள் வேலை. டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட பட்டறை, மொத்தம் ஆறு பேர். முதலாளி நல்ல மனுஷர், சம்பளத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரியான நேரத்தில் தருவார். ஊசியக்கா செய்த ஜிக் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. அது அவளுக்கு எவ்வளவு பெருமை என்றால், பட்டறைக்கு யார் வந்தாலும் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் அது அவர்கள் காதில் விழுந்துவிடும். அவளே விழ வைப்பாள். இந்தப் பெருமைதான் பிறகு அவளைப் படாத பாடு படுத்தியது. சொல்கிறேன்.

காஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி செய்யும் கம்பெனி ஒன்று ஒரு ஜிக் கேட்டது. சமையலறைச் சுவரில் மாட்டுவார்களே, அந்தப் பெட்டி. காஸ் பட்டால் சிவப்பு விளக்கு எரியும், காது கிழிகிற மாதிரி சத்தம் வரும். மலிவுச் சரக்கு, வீட்டில் சோதித்துப் பார்க்கப் பொத்தான்கூடக் கிடையாது. ஒரு போர்டைச் சோதிக்க நாற்பது விநாடி ஆகிறது, ஒரே நாற்பது விநாடியில் நாலு போர்டை முடிக்க வேண்டும் என்றார்கள். ஆக நாலு குழி, நாலு தொகுதி ஊசி. சத்தம் வருகிறதா என்று கேட்க, ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு மைக். எந்தக் குழியில் சோதித்த போர்டு என்று பிற்பாடு தெரிய, பெட்டியின் நம்பருக்குக் கடைசியில் குழி நம்பரையும் அச்சடிப்பார்கள்.

மூன்று மைக் வந்தது, நாலாவது வரவில்லை. மறுநாள் காலை கம்பெனிக்காரர்கள் ஓட்டிப் பார்க்க வருகிறார்கள். ஊசியக்கா என்ன செய்தாள்? நாலாம் குழிக்கு ஒரு சின்னக் கம்பியைக் குறுக்கே போட்டாள். அந்தக் கம்பி இருக்கும்வரை, நாலாம் குழியில் சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் மெஷின் 'கேட்டாச்சு' என்றே எடுத்துக்கொள்ளும். இது ஒன்றும் திருட்டு வேலை இல்லை, ஒரு சாமான் வரத் தாமதமானால் எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். ஆனால் அந்தப் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தற்காலிகக் கம்பி என்றால் மஞ்சள் கம்பிதான். மற்றதெல்லாம் கறுப்பு. ஜிக் வெளியே போகுமுன் மூடியைத் திறந்து, "மஞ்சள் இருக்கா?" என்று ஒருவர் கேட்பார், "இல்ல" என்று இன்னொருவர் பார்த்துச் சொல்வார். அப்புறம்தான் வண்டியில் ஏற்றுவார்கள்.

அன்றைக்கு மஞ்சள் கம்பி தீர்ந்துபோயிருந்தது. போய் வாங்கி வரச் சோம்பல். 'எனக்கா மறக்கும்?' என்று கறுப்புக் கம்பியைப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து மைக் வந்தது. அதை அதன் துளையில் அமுக்கி வைத்தாள், குறுக்குக் கம்பியை வெட்டிவிட்டு மைக்கின் வாலை ஈயத்தால் பற்றவைப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சாப்பிட்டு வந்ததும் முதலாளி வேறு அவசர வேலையைத் தூக்கிக் கையில் கொடுத்தார். சாயங்காலம், "மஞ்சள் இருக்கா?" என்று கேட்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் கறுப்புக் கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்து, "இல்ல" என்று சொன்னது ஊசியக்காவேதான். ஊமைப் போர்டு ஒன்றை வைத்துச் சிவப்பு எரிகிறதா என்றும் பார்த்தார்கள். எந்தக் குழியில்? முதல் குழியில் மட்டும். நாலும் ஒரே அச்சுத்தானே, ஒன்றைப் பார்த்தால் போதும் என்ற நினைப்பு. அடக் கடவுளே, இன்னும் மூன்று தடவை கைப்பிடியை இழுத்திருந்தால் கையா தேய்ந்துபோகும்?

இரண்டு வருஷம் கழித்து, ஊசி தேய்ந்துவிட்டது என்று அந்த ஜிக் பட்டறைக்கு வந்தது. ஊசியக்கா திருகாணிகளைக் கழற்றி அடித்தட்டைத் தூக்கினாள். மைக்கின் வால் எதிலும் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் விரலை உள்ளே விட்டு அந்தக் குறுக்குக் கம்பியைத் தேடிப் பிடித்தாள். தலையைத் தூக்கிச் சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. அந்தக் கறுப்புக் கம்பியை வெட்டி எடுத்து, சேலைமேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டு, மைக்கைப் பற்றவைத்தாள். முடிந்தது வேலை, ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஜிக்கைக் கம்பெனியில் பூட்டிக் கொடுக்க அவளே போனாள். நாலாம் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் நூறு போர்டில் இரண்டு சிவப்பு. மெஷினில் இருந்த பெண் திரும்பி, "என்னக்கா, ஊசி மாத்தினதும் நாலாம் குழி கெட்டுப்போச்சா? இது என்னைக்கும் இப்படிப் பண்ணாதே" என்றாள்.

"புது ஊசி, பழகணும்" என்றாள் ஊசியக்கா.

இந்தப் பொய்யை அவள் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லியது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டாள். நாலாம் குழி வழியாகப் போனது சுமார் ஒன்பதாயிரம் பெட்டி. நூற்றுக்கு இரண்டு என்றால் நூற்றெண்பது. நூற்றெண்பது சமையலறைச் சுவர்களில் ஊமைப் பெட்டிகள். காஸ் கசிந்தால் விளக்கு மட்டும் எரியும். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாராவது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள், அடுத்த அறையில் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முகம்தான் அவளுக்குத் தெரியவில்லை, மற்றதெல்லாம் தெரிந்தது. அடுப்பின் நிறம், கரண்டி மாட்டிய ஆணி, ஜன்னல் சாத்தியிருப்பது, எல்லாம்.

அன்றிலிருந்து அவளைப் பிடித்தது பீடை. பட்டறையில் வேறு ஏதாவது ஜிக் மூன்று முறை கத்தினால் கை வேலையை நிறுத்திவிட்டு நாலாவதற்குக் காத்திருப்பாள். பஸ்ஸில் நாலாம் வரிசையில் இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். வீட்டில் காஸ் வாடை அடிக்கிறது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சிலிண்டரிடம் ஓடுவாள், அங்கே ஒன்றும் இருக்காது. தெருவில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போனால் நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிடுவாள். அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கால் நகரும். பேப்பரில் தீ விபத்துச் செய்தி வந்தால் அதைப் படிக்கவும் பயம், படிக்காமல் விடவும் பயம்.

ஏன் போய்ச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கம்பெனி வேலை போனால் பட்டறை படுத்துவிடும், ஆறு குடும்பம் என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது நிஜம்தான், ஆனால் அது பாதிதான். 'ஊசியக்கா பண்ணின ஜிக்கா தப்பு?' என்று நாலு பேர் கேட்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதுதான் மீதி.

அதனால் அவள் ஒரு கிறுக்குத்தனம் செய்தாள். சிகரெட் லைட்டர் ஒன்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பொறி வராமல் அதை அமுக்கினால் காஸ் மட்டும் வரும். பெட்டிக்கு அடியில் பத்து விநாடி பிடித்தால், நல்ல பெட்டி கத்தும். சொந்தக்காரர் வீடு, பழகினவர் வீடு, துக்க வீடு, எங்கே போனாலும் அவள் நேரே சமையலறைக்குப் போவாள். சுவரில் அந்தக் கம்பெனிப் பெட்டி இருக்கிறதா? நம்பர் நாலில் முடிகிறதா? முடிந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிடுவாள்.

"எங்க வீட்டுக்கு வந்தா அண்ணி என் மூஞ்சியப் பாக்கறதே இல்ல, சுவத்தத்தான் பாக்கறாங்க" என்றாள் நாத்தனார். அப்போது ஊசியக்கா ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். பெட்டி திடீரென்று அலற, நாத்தனார் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து உடைந்தது. "ஐயோ, என்ன அண்ணி இது! உயிரே போயிடுச்சு!"

"கத்துது, நல்லா கத்துது" என்று ஊசியக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

"கத்தினா சிரிக்கிறீங்க? உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

எட்டு மாதத்தில் பதினொரு நாலாம் நம்பர் பெட்டிகளைக் கண்டுபிடித்தாள். பதினொன்றும் கத்தின. ஒவ்வொன்று கத்தும்போதும் அன்றைக்கு மட்டும் சோறு இறங்கும். மறுநாள் பழையபடி, நூற்றெண்பதில் ஒன்றுகூடக் குறையவில்லையே என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய வீட்டுக்காரர் சில்லறை தேடிக் கைப்பையைத் துழாவினார். மனுஷர் பஸ் டிரைவர், வாய் ஓயாது. உள்ளே மூன்று லைட்டர். மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"எத்தனை நாளா இந்தப் பழக்கம்?" என்றார். "சொல்லு, நான் ஒண்ணும் திட்டமாட்டேன். என்ன பிராண்டு? நானே வாங்கிட்டு வந்து தரேன்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், மஞ்சள் கம்பி தீர்ந்ததிலிருந்து நூற்றெண்பது வரை. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"பிரேக் பிடிக்காத வண்டின்னு தெரிஞ்சே நான் எட்டு மாசமா ஜனங்கள ஏத்திட்டுப் போயிருந்தா, நீ என்ன சொல்லியிருப்ப?"

அவள் லைட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பையில் போட்டாள்.

"காலையில போ. நான் கூட வரட்டுமா?"

"வேணாங்க. நானே போறேன்."

திங்கட்கிழமை முதலில் முதலாளியிடம் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கணுமா? இத்தனை நாள் யாரும் கேக்கல. ஜிக்கையும் சரி பண்ணியாச்சு. விடேன்" என்றார். "விட முடியலைங்க" என்றாள். அவர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "போய்ச் சொல்லித் தொலை. ஆனா பட்டறை தப்புன்னு சொல்லு. உன் பேரத் தனியாச் சொல்லாத" என்றார். நல்ல மனுஷர் என்று சும்மாவா சொன்னேன்?

கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். அவளுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவள் "நாலாம் குழி" என்று ஆரம்பித்ததுமே அவர் முகம் மலர்ந்தது.

"நாலாம் குழியா! அது எங்க செல்லப்பிள்ளைக்கா. இங்க பாருங்க." கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாத்துலயும் சத்தத்துல நூத்துக்கு ரெண்டு ஃபெயில் ஆகும். நாலுல ரெண்டு வருஷத்துல ஒண்ணுகூட ஆனதில்ல. நீங்க ஊசி மாத்தின பிறகுதான் கொஞ்சம் தகராறு பண்ணுது."

"அதுல யாருக்குமே சந்தேகம் வரலையா?"

"நல்லா இருக்கறத யாராவது சந்தேகப்படுவாங்களா? அந்தக் குழி அமைப்பு நல்லா இருக்கு, அதுல உக்காந்த போர்டுதான் நம்பகமானதுன்னு நான் ரிப்போர்ட்டே எழுதியிருக்கேன். போன வருஷம் பார்வையில்லாதவங்க குடியிருப்பு ஒண்ணுலேருந்து ஆர்டர் வந்துது. ஐம்பது வீடு. அவங்களுக்கு விளக்கு எரிஞ்சு என்ன பிரயோஜனம், சத்தம்தானே எல்லாம்? அதனால நானே ஸ்டோர்ல உக்காந்து நாலாம் நம்பர் பெட்டியா ஒவ்வொண்ணாப் பொறுக்கி..."

அவள் முகத்தைப் பார்த்து அவர் பாதியில் நிறுத்தினார். "ஏன்க்கா? என்ன?"

சொன்னாள். பட்டறை என்று சொல்லவில்லை, "நான்" என்றே சொன்னாள்.

அடுத்த கால் மணி நேரத்தில் கம்பெனி வேன் கிளம்பியது. பின்னால் புதுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதிகாரியும் ஊசியக்காவும் முன்னால் ஏறிக்கொண்டார்கள்.

இரண்டு மாடிக் கட்டடங்கள், நடைபாதை ஓரமெல்லாம் கைப்பிடிக் கம்பி. ஒன்றாம் நம்பர் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். அதிகாரி கதவைத் தட்டி விஷயத்தைச் சொல்வார், ஊசியக்கா ஸ்டூல் ஏறி லைட்டரைப் பிடிப்பாள். பெட்டி கத்தும். கத்தினாலும் பழசைக் கழற்றிப் புதுசை மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். ஐந்து, பத்து, இருபது. எல்லாம் கத்தின. "யாருப்பா அது, மில்லு சங்கு மாதிரி ஊதிக்கிட்டே போறது?" என்று மாடியிலிருந்து ஒரு கிழவர் சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரிக்கு முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "ஐம்பதும் கத்திடும்க்கா, பாருங்களேன்" என்றார். ஊசியக்கா வேண்டாத தெய்வம் இல்லை.

முப்பத்தொன்றாம் நம்பர் வீட்டில் கதவைத் திறந்தவள் அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மாள். முப்பது வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவளாம், குரலில் அந்தத் தெளிவு அப்படியே இருந்தது. "வாங்க, வாங்க. பெட்டி மாத்தறவங்கதானே? முப்பது வீட்டுக்கும் கேட்டுட்டேதான் உக்காந்திருக்கேன்."

வாசலிலேயே ஊசியக்காவுக்கு வாடை அடித்தது. எட்டு மாதமாக இல்லாத வாடையெல்லாம் அடித்த மூக்கு, அதனால் அவள் நம்பவில்லை. அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் மூக்கைச் சுளித்திருந்தார். உள்ளே ஓடினாள்.

அடுப்புக்கு மேலே சுவரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை.

லைட்டரை அவள் தொடவே இல்லை. சிலிண்டரின் வாயை இறுக்கி மூடினாள், ஜன்னலைத் திறந்தாள், அதிகாரி மற்ற ஜன்னல்களையும் கதவையும் திறந்தார். ரப்பர் குழாய் அடுப்போடு சேரும் இடத்தில் வெடித்திருந்தது. அந்த அம்மாளைத் தோளைப் பிடித்து வெளியே நடைபாதைக்கு அழைத்து வந்து உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் அந்த அம்மாள்.

"காஸ் கசியுதும்மா. குழாய் வெடிச்சிருக்கு. உங்க பெட்டிக்குச் சத்தம் வரல."

அந்த அம்மாள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அப்போ அது நிஜமான வாசனைதானா?" என்றாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"ரெண்டு மாசமா விட்டு விட்டு வந்துட்டே இருக்கும்மா. ஆனா பெட்டி கத்தலையே! இருக்கறதுலயே நல்ல பெட்டியாப் பொறுக்கித் தந்திருக்கோம்னு சொல்லிக் குடுத்தாங்க. அது கத்தலன்னா காஸ் இல்லன்னுதானே அர்த்தம்? என் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போயிட்டு வந்தேன். இருந்தாலும் இருக்கும், வயசாச்சுன்னு சொன்னாரு. கண்ணுதான் இல்ல, மூக்கையும் காதையும் வச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன், இப்ப அதுல ஒண்ணும் போச்சேன்னு நாலு நாள் அழுதேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா தனியா இருக்க விடமாட்டாங்க."

"உங்க மூக்குக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் ஊசியக்கா. "ஒண்ணுமே இல்ல. பெட்டிதான் தப்பு. நான் பண்ணின தப்பு. அதச் சோதிக்கிற மெஷின பண்ணினது நான்தான்."

அந்த அம்மாள் கையை நீட்டித் துழாவி, ஊசியக்காவின் கையைக் கண்டுபிடித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "போகட்டும் விடும்மா. தப்பு யார்தான் பண்ணல? தெரிஞ்ச உடனே ஓடி வந்தீங்களே, அது போதும். எனக்கு மூக்கு போகலன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

ஊசியக்காவின் கையை அந்த அம்மாள் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"எப்போம்மா தெரிஞ்சுது? இன்னைக்குக் காலையிலயா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதிகாரி உள்ளே இருந்தார், கேட்க யாரும் இல்லை. ஊசியக்கா அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்தாள்.

"எட்டு மாசம் ஆச்சும்மா" என்றாள்.

அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டாள்.